வரதராஜன் கழற்றாத ஒன்பது நட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, பழைய பட்டறையில் என்னோடு இருந்த குப்புசாமி, நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "மேடம், வரதன் சார் போய்ட்டாரு" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. வரதராஜனைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும், மனிதர் எதிலிருந்தோ நழுவிவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் புரிந்தது.

இருவரும் ஆவடியில் ரயிலேறி நெமிலிச்சேரிக்குப் போனோம். அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில், பழைய பட்டறை ஆட்களான நீங்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தீர்கள். பூந்தமல்லியில் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் படகு எஞ்சின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வரதராஜன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டாராம். "கிராங்க்ல விரிசல் இருக்கு, முழுசா கழட்டு" என்றாராம். கழற்றினால் விரிசல் இருந்ததாம். ஐந்து பேர் உயிர் பிழைத்தார்களாம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினீர்கள். சாவு வீட்டில் பேச வேண்டாம் என்று நான் சும்மா இருந்தேன். மறுநாள், பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சிடும் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். நாலு வரியில் அடங்காது. நீங்கள் அச்சிடுவீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் டீசல் எஞ்சின் பட்டறையின் ஃபோர்மேனாக அவர் பதின்மூன்று வருடம் இருந்தார். அதற்கு முன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அதை ஏன் விட்டார் என்பதற்கு மூன்று விதமான காரணங்களை மூன்று பேரிடம் சொல்லியிருந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை. எஞ்சின் பட்டறையில் ஒருவர் சட்டை சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருக்கிறதென்றால், அவருடைய வேலையை இன்னொருவர் செய்கிறார் என்று அர்த்தம். அந்த இன்னொருவர் குப்புசாமி.

இரண்டடி நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று அவரிடம் இருந்தது. ஓடும் எஞ்சின்மேல் அதன் நுனியை ஊன்றி, பிடியை இடது காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். பக்கத்தில் லேத் ஓடினால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வார். பட்டறையே மூச்சுவிடாமல் நிற்கும். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, எதை மட்டும் கழற்றினால் போதும் என்று சொல்வார். "முழுசா கழட்டுறவன் மெக்கானிக் இல்ல, பழைய இரும்புக் கடைக்காரன்" என்பது அவர் வாக்கு. "கை வெக்காத வரைக்கும் எஞ்சின் நல்ல எஞ்சின்" என்பது இன்னொன்று. இவற்றை நீங்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நான் கவனித்த வரையில், வெளியாட்கள் யாராவது நிற்கும்போதுதான் அவர் இவற்றைச் சொன்னார். எங்களிடம் தனியாகப் பேசும்போது அவரிடம் வாக்கு எதுவும் இருந்ததில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தவள் நான். கழற்றும் உறுப்புகளுக்குச் சீட்டுக் கட்டுவதும், என்ன பழுது, என்ன பார்த்தோம் என்று வேலை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. ஸ்பேனரை அவர் என் கையில் கொடுத்ததே இல்லை. "காகித மேடம்" என்று பெயர் வைத்திருந்தார். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள்.

எண்பத்தொன்பதில் அந்தப் படகு எஞ்சின் வந்தது. காசிமேட்டிலிருந்து லாரியில், மீன் வாடையோடு. படகின் வயிற்றுக்குள் பொருத்தியிருந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். எங்கேயோ வெளிநாட்டில் செய்தது. செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். படகுக்காரர் பெயர் தேசப்பன். நாற்பது வயதிருக்கும், உப்புக்காற்றில் வெளுத்த தலைமுடி. அவர் பழுதைச் சொன்ன அளவுக்குத் தெளிவாக இன்றைக்கு எந்த டிப்ளமாக்காரரும் சொல்ல மாட்டார்.

"ராவுல நிறுத்திட்டு காலீல கிளப்புனா ஒதறுது அண்ணாத்தே. வெள்ளையா பொகை வருது. கொஞ்ச நேரம் ஓடிச்சினா சரியாப்பூடுது. ஆயிலு மோராட்டம் கீது."

ஆயில் மோர்போல இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கேஸ்கட், அதாவது மூட்டில் கசியாமல் அடைக்கும் தகடு, போய்விட்டது என்றார் வரதராஜன். எஞ்சினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றினால் போதும் என்றார். கழற்றினோம். கேஸ்கட் ஓரிடத்தில் லேசாகக் கருகியிருந்தது. "இதான்" என்று அதை விரலால் தட்டினார்.

எனக்கு மூன்றாவது சிலிண்டர் உறுத்தியது. அதன் புகை வெளியேறும் வழியில் மட்டும் உப்புப் பூத்திருந்தது. லாரி எஞ்சினில் புகைக்குழாய்த் தொகுதி சும்மா இருக்கும். மேனிஃபோல்டு என்போமே, அதுதான். படகு எஞ்சினில் சூடு தணிய அதைச் சுற்றிக் கடல் தண்ணீர் ஓடும். உள்சுவரை உப்பு அரித்து ஓட்டை போட்டுவிட்டால், எஞ்சின் நின்றிருக்கும் நேரத்தில் தண்ணீர் மெதுவாகச் சிலிண்டருக்குள் இறங்கும். ராத்திரி நிறுத்தினால் காலையில் உதறுகிறது என்று தேசப்பன் சொன்னது அப்படியே பொருந்தியது.

"சார், மேனிஃபோல்டைக் கழற்றித் தண்ணி அழுத்தம் குடுத்துப் பாத்துடலாம்" என்றேன்.

அதைப் பிடித்திருந்தவை ஒன்பது நட்டுகள். ஒன்பதும் துருவில் இறுகி, எது நட்டு எது இரும்பு என்றே தெரியாமல் இருந்தன. அவர் அவற்றைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு. "மேடம் காகிதத்துலயே எஞ்சின் ஓட்டுவாங்க" என்று தேசப்பனிடம் சொன்னார். "இதுல ஒண்ணு ஒடஞ்சா துளை போட்டு எடுக்கணும். துளை சாஞ்சா மொத்தமும் போச்சு. இந்த எஞ்சினுக்கு மாத்து சாமான் கெடையாது. கை வெக்காத வரைக்கும் நல்லா இருக்கும்."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்று உறுப்பு கிடைக்காத எஞ்சினை எது வரைக்கும் கழற்றுவது என்பது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. நட்டைச் சூடு காட்டி, டீசல் ஊற்றி, இரண்டு நாள் பொறுத்துத் தட்டிப் பார்த்திருக்கலாம். குப்புசாமி அதைச் செய்யத் தயாராகத்தான் நின்றார். வரதராஜன் கேள்வியை யோசித்து முடிவெடுத்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவர் யோசிக்கவில்லை. பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, சொன்னார்.

புது கேஸ்கட் போட்டு மூடினோம். எஞ்சினை ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். "வீணை மாதிரி இருக்கு" என்றார்.

வேலை அட்டையில் நான், "மேனிஃபோல்டு திறக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தேன். அதை வாங்கிப் படித்தவர் என் மேஜைக்கு வந்தார்.

"இதைப் பாத்தா பார்ட்டி என்ன நெனைப்பான்? 'சோதிக்கப்பட்டது'ன்னு எழுதும்மா."

"சோதிக்கலையே சார்."

"வெளியில இருந்து பாத்தேன்ல? கண்ணால பாக்கறது சோதனை இல்லையா?"

அந்த மாதம்தான் என்னை வேலையில் நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவாக இருந்தது. அவர் வாய்ச்சொல்தான் முடிவு. அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை, மேஜைமேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். நான் புது அட்டை எடுத்து, "மேனிஃபோல்டு சோதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள் இதையும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் அதே எஞ்சின் அதே லாரியில் திரும்பி வந்தது. கடலில் வலை போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் கிளப்பியபோது ஒரே இடி, அதோடு நின்றுவிட்டது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் பிஸ்டன் மேலே போக இடம் இருக்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. ஐந்து பேர் இரண்டு நாள் மிதந்திருக்கிறார்கள். வேறொரு ஊர்ப் படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறது.

வரதராஜன் லாரி உள்ளே நுழைவதைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். மாங்காட்டில் மைத்துனர் வீடு கட்டுகிறாராம், மேற்பார்வைக்கு ஆளில்லையாம். பின்பக்கக் கேட் வழியாகப் போனார்.

தேசப்பன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேலை அட்டையின் நகலை மடியிலிருந்து எடுத்து என்முன் வைத்தார். ஈரம் பட்டு மை பரவியிருந்தது.

"இதுல செக் பண்ணதா எய்திக்கீதே மேடம். நீங்கதான் எய்தினதா?"

"நான்தான்."

"பாத்தீங்களா?"

"பாக்கல."

"அவரு எய்தச் சொன்னாரா?"

"சொன்னாரு. எழுதினது நான்."

அவர் அட்டையை மறுபடி மடித்தார். "மீனுக்குப் போட்ட ஐசு உருகிச்சில்ல, அந்தத் தண்ணியத்தான் ரெண்டு நாளா குடிச்சினு கெடந்தோம்" என்றார். "என் தங்கச்சி ஊட்டுக்காரன் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து அப்டியே சாஞ்சிட்டான். இன்னா பண்றது, அவன் மூஞ்சத்தான் பாத்துகினு இருந்தேன். இப்ப ஆஸ்பத்திரில கீறான். பொழைச்சிப்பான்னு சொல்றாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"கழட்டு. முழுசா. ஒரு நட்டு உடாத. நான் இங்கியே குந்திகினு பாக்குறேன்."

ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். எட்டு நாள் காலையில் வந்து சாயங்காலம் போனார். குப்புசாமி ஸ்பேனரை முதல் தடவையாக என் கையில் கொடுத்தார். ஒன்பது நட்டுகளுக்கும் சூடு காட்டினோம், டீசல் ஊற்றினோம், பொறுத்தோம். ஏழு கழன்றன, இரண்டு உடைந்தன. உடைந்த இரண்டையும் குப்புசாமி அரை நாளில் துளைபோட்டு எடுத்தார். வரதராஜன் காட்டி மிரட்டிய பூதம் அவ்வளவுதான். மேனிஃபோல்டின் உள்சுவரில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தேசப்பன் திடீரென்று கேட்டார்: "அண்ணாத்தைக்கு அந்தக் காது கேக்காதில்ல?"

"எந்தக் காது?" என்றேன்.

"மொத தபா வந்தப்போ இந்தாண்ட நின்னு மூணு வாட்டி கூப்ட்டேன். திரும்பல. அந்தாண்ட போய்க் கூப்ட்டேன், திரும்பினாரு. கம்பிய வெச்சி கேட்டாரே, அதே காது."

குப்புசாமியின் கை நின்றுவிட்டது. "எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றார் மெதுவாக. "பழைய ஃபாக்டரிலயே போன காது அது."

சிரிப்புகூட வரவில்லை எனக்கு. லேத்தை நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடி, பட்டறையையே மூச்சடக்கி நிற்கவைத்து, கேளாத காதில் அந்த மனிதர் கம்பியை வைத்திருந்திருக்கிறார். தெரிந்தவர்களும் மூச்சடக்கித்தான் நின்றீர்கள். உங்களில் எத்தனை பேர் என்று இப்போது நான் கேட்கப்போவதில்லை.

ஏழாம் நாள், எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரை வந்துவிட்டோம். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் மயிர்க்கோடாக ஓர் ஈரம் தெரிந்தது. விரிசல். ராடு வளைந்த அதிர்ச்சியில் வந்ததா, பழையதா என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. எப்படியும் அந்த கிராங்க் இனி உதவாது. தேசப்பன் சம்மதித்தார். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், இரும்பை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸில் வைத்து ஒடித்தோம். ஒடிந்த பரப்பில் முக்கால்பாகம் கறுத்துக் கிடந்தது. புது முறிவு பளபளவென்று இருக்கும். இது எத்தனையோ மாதப் பழசு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனிஃபோல்டை மட்டும் கழற்றினால் போதும் என்று சொன்னவள் நான். நான் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால், எஞ்சின் நன்றாக ஓடியிருக்கும். இன்னும் தூரம் போயிருப்பார்கள். அங்கே கிராங்க் ஒடிந்திருக்கும். எது வரைக்கும் கழற்ற வேண்டும் என்பதைச் சரியாகச் சொன்னவர் அந்தப் பட்டறையில் ஒருவர்தான்: டிரம்மில் உட்கார்ந்திருந்தவர். அவரிடம் அதைச் சொன்னேன்.

"உசுரு எங்களுதாச்சே மேடம்" என்றார். "அதான்."

தங்கை கணவர் பிழைத்துக்கொண்டார். தேசப்பன் வேறு எஞ்சின் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். எங்களிடம் மறுபடி வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தேசப்பன் வருவது நின்ற மறுநாள் வரதராஜன் திரும்பினார். மாங்காட்டுச் சிமெண்ட் ஒரு துளிகூடச் சட்டையில் இல்லை. ஒடிந்த கிராங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைக் குப்புசாமி சொன்னார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"அன்னைக்கி மேனிஃபோல்டுல கை வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும், பாத்தியா? நடுக்கடல்ல ஒடிஞ்சிருக்கும். அஞ்சு பேரும் காலி. ஏதோ தோணிச்சு எனக்கு, வேணாம்னேன்."

இதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார் என்று எழுதத்தான் நினைத்தேன். அது சரியல்ல. வெட்கம் என்ற ஒன்றை அறியாதவர்போலச் சொன்னார். ஒரு மாதத்தில் கதை, "முழுசா கழட்டுன்னு நான்தான் சொன்னேன்" என்று ஆனது. ஒரு வருடத்தில் ஸ்க்ரூடிரைவரும் உள்ளே வந்துவிட்டது. ஒடிந்த துண்டுகளை மேஜைமேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். "சோதிக்கப்பட்டது" என்ற அட்டையில் இருந்தது என் கையெழுத்து. அது அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அங்கே இருந்தேன். காகித மேடம் என்று அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். புது எஞ்சின் வந்தால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் மேஜைக்கு வருவார். "எது வரைக்கும் கழட்டலாம்?" என்று கீழ்க்குரலில் கேட்பார். சொல்வேன். தேசப்பனுக்குப் பிறகு, நான் நினைப்பதற்கு இன்னும் ஒரு படி கூடுதலாகவே சொல்வேன். அவர் போய்க் கம்பியைக் காதில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, நான் சொன்னதை உரக்க அறிவிப்பார். அந்த நாலு வருடத்தில்தான் அவர் பெயர் ஓங்கியது. போன வாரம் நெமிலிச்சேரி வாசலில் நீங்கள் புகழ்ந்த தீர்ப்புகளில் பாதி அந்தக் காலத்தவை.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு வருடம் முன்பு, ஆவடி ரயில் நிலையத்தில். காலை நேரக் கூட்டம். ஓய்வுபெற்று, இளைத்து, கையில் மருந்துப் பை. வலது காதை என் பக்கம் திருப்பி நின்றுகொண்டு, "இப்ப என்ன வேலைம்மா போயிட்டிருக்கு?" என்றார். பழைய ஜெனரேட்டர் எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது என்றேன்.

"முழுசா கழட்டிடு."

"நீங்களா சொல்றீங்க?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்:

"எனக்கு பயம்மா. பழைய ஃபாக்டரில ஒரு நாள் கை வெச்சேன், வரிசையா மூணு நட்டு ஒடஞ்சுது. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. அதுக்கப்புறம் துரு புடிச்ச நட்டைப் பாத்தாலே தள்ளி நின்னுடுவேன். அந்தப் படகு எஞ்சினப்பவும் பயந்தேன். அவ்ளோதான்."

வண்டி வந்தது. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. நட்டைக் கண்டு பயப்படுகிறவர் இருக்கலாம். அந்தப் பயத்தை வெள்ளைச் சட்டைக்குள் மறைத்து, ஐந்து பேரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, பின்பக்கக் கேட் வழியாகப் போகிறவரை என்னால் மதிக்க முடியாது, இறந்தாலும். ஆனால் வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டபோது எனக்கும் இருந்தது பயம்தான். அந்த வார்த்தையை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொன்னார், பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில். நான் அறிந்து அவர் பேசிய ஒரே உண்மை அது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றதையெல்லாம் நீங்கள் மலரில் போட்டுக்கொள்ளுங்கள்.